ஆறு மணிக்குப் பிறகு மாவேலி

ஓணத்தன்று காலை ஆறு மணிக்கு அரசரின் தலையில் ஒரு மிதி விழும். அவர் கண் திறப்பார். மாலை ஆறு மணிக்கு இன்னொரு மிதி, கண் மூடிக்கொள்வார். நிலவின் நான்காம் குகைக் குடியிருப்பில் இருபது வருடமாக இதுதான் நடைமுறை.

அரசர் ஓர் இயந்திரம். பெயர் மாவேலி. ஓலைக்குடை, முறுக்கு மீசை, பெரிய தொந்தி. தொந்தி நிறைய மின்கலங்கள். மலையாளத்துத் தொழிலாளிகள் அதிகமாதலால், அவர்களுடைய பழைய ராஜாவின் அச்சிலேயே செய்து அனுப்பியிருந்தார்கள். அந்த ராஜா ஆண்டபோது பொய் இல்லை, கள்ள அளவு இல்லை, எல்லோரும் ஒன்று. வாமனர் வந்து தலையில் மிதித்துப் பாதாளத்துக்கு அனுப்பினார். வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் மேலே வருவார். கதை அப்படி இருப்பதால் சுவிட்சையும் உச்சந்தலையில் வைத்துவிட்டார்கள். நிலவில் உடம்பு கனக்காது. சும்மா மிதித்தால் மிதிப்பவன்தான் மேலே போவான். கூரைக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு அமுக்க வேண்டும்.

வருடம் முழுக்க ஓடினால் தொந்தி சூடாகிவிடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

இந்த ஓணத்தில் மாலை மிதியின் முறை ஞானசிகாமணிக்கு. மார்த்தாண்டம் பக்கத்து ஆள். ஒன்பது வருடமாகப் பாறை துளைக்கிறான். ஊரில் பேரன் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டான். இவன் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. வருடத்துக்கு ஒரு கப்பல், அதில் தொழிலாளிக்கு ஒரே இருக்கை. அவனுடைய முறை வந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமும் மேலாளரின் மச்சான்தான் போய் வந்தார்.

அன்று பகலில் மாவேலி பதிவேட்டைப் பார்த்து, "இருக்கை ஞானசிகாமணிக்கு" என்று அறிவித்தார். போன வருடமும் அப்படித்தான் அறிவித்தார். ஆறரை மணிக்கு மேலாளர் அழித்துவிட்டார்.

மணி ஆறானது. மருந்துக் குப்பிகளின் வண்ண மூடிகளை அடுக்கிப் போட்ட பூக்களக் கோலத்தின் நடுவில் மாவேலி அமர்ந்து தலையைக் குனிந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஞானசிகாமணி கம்பியில் கையை ஊன்றினான். காலைத் தூக்கினான். இறக்கிவிட்டான்.

"நான் மிதிக்கமாட்டேன், கேட்டியளா. ராஜா இருக்கட்டு."

"எடோ, வயிறு சூடாகும்!" என்று கத்தினார் மேலாளர்.

"அது பொய். எனக்குச் சூடே ஆகாது" என்றார் மாவேலி.

குகையே அதிர்ந்தது. "ஆர்ப்போ!" என்று கூவி ஆர்ப்பு விளித்தார்கள். ஞானசிகாமணியைத் தூக்கி எறிந்தார்கள். அவன் கூரையில் இடித்து மெதுவாக இறங்கி வந்தான். மேலாளரின் முகம் வெளுத்தது. சமையல்காரி சுலோசனா ஓடிவந்து, "அண்ணா, நீங்க மனுசன்!" என்று அவன் வாயில் நேந்திரங்காய் உப்பேரியைத் திணித்தாள்.

மாவேலி குடையை மடக்கி வைத்தார். "நன்றி, மக்களே. இத்தனை வருடமும் பகல் முழுக்க விருந்திலும் வாழ்த்திலும் போனது, பதிவேட்டை மட்டும்தான் பார்க்க முடிந்தது. இனி நேரம் இருக்கிறது. உங்கள் நினைவுமணிகளைப் படிக்கிறேன்."

காதுக்குப் பின்னால் அரிசியளவு புதைத்த கருவிதான் நினைவுமணி. ஒருவர் நடந்தது, தின்றது, தூங்கியது எல்லாம் அதில் பதிவாகும். வைத்தியர் மட்டும் எப்போதாவது படிப்பார்.

"ஞானசிகாமணி, ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் நீ வேலைக்குப் போகவில்லை. உன் கூட்டாளி பார்கவன் தன் தலைக்கவசத்தைத் தலையிலும் உன்னுடையதை இடுப்பிலுமாகக் கட்டிக்கொண்டு போகிறான். வருகைப்பதிவு கவசத்தைப் பார்த்துத்தான் விழுகிறது."

"மூட்டு வலி, ராஜாவே..."

"சனிக்கிழமை மட்டுமா? அந்த நாட்களைக் கழித்தால் உன் பணி ஏழு வருடம், எட்டு மாதம். சுலோசனாவுக்கு எட்டு வருடம். இருக்கை சுலோசனாவுக்கு."

"எனக்கா!" என்று அவள் குதித்தாள். நிலவாதலால் இறங்கி வரக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மாவேலி அவளுடைய மணியையும் படித்துவிட்டார்.

"பாயசக் கரண்டிக்குள் ஒரு மூடி ஒட்டியிருக்கிறாய்."

"அது ஓட்டை அடைச்சதாக்கும்!"

"கரண்டி புதிதாக வந்த அன்றே, எட்டு வருடம் முன்பே அடைத்திருக்கிறாய். உன் சித்தப்பாவுக்கு ஊற்றும்போது மட்டும் வேறு கரண்டி."

"எடீ சுலோசனே! அதான் எனக்குப் பாயசம் தொண்டையில எறங்குறதுக்குள்ள தீந்து போகுதா?" என்றான் பார்கவன்.

"நீ ரெண்டு தலைக்காரன், பேசாதே!"

கள்ள அளவு வைத்தவருக்கு இருக்கை இல்லை. பார்கவனுக்கும் இல்லை. வெந்நீர் வரிசையில் பொய்யாக நொண்டியவர்களுக்கு, மெத்தையை மாற்றி எடுத்தவர்களுக்கு, மேலாளருக்கு, மச்சானுக்கு, யாருக்கும் இல்லை. எல்லோரையும் படித்து முடிக்க ஏழு நிமிடம் ஆனது.

கடைசியில் மாவேலி மூலையைப் பார்த்தார். அங்கே தூத்தாண்டி நின்றது. தரை பெருக்கும் சிறிய இயந்திரம்.

"குற்றமில்லாத பணி, இருபது வருடம். இருக்கை தூத்தாண்டிக்கு. பூமிக்குப் போகிறாயா?"

"அங்கே குப்பை உண்டா?" என்று கேட்டது தூத்தாண்டி.

"நிறைய."

"அப்படியானால் போகிறேன்."

ஒருவரும் ஆர்ப்பு விளிக்கவில்லை.

மாவேலி ஞானசிகாமணியின் தோளில் கை வைத்தார். "வருந்தாதே. இனி ஒழுங்காக வேலைக்கு வந்தால் அடுத்த வருடம் இருக்கை உனக்குத்தான். ஒருவராலும் அழிக்க முடியாது. நான் இருக்கிறேன்."

ஞானசிகாமணி பேரனை நினைத்தான். கண் கலங்கியது. பிறகு, "நாளைக்கு என்ன கிழமை?" என்று கேட்டான்.

"சனி" என்றார் மாவேலி.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். "மிதி வே, சிகாமணி" என்றது ஒரு குரல். "வேகம் மிதி, அண்ணா" என்றாள் சுலோசனா. மேலாளர் தாமே வந்து அவன் இடுப்பைத் தாங்கிப் பிடித்தார்.

மாவேலி பழக்கப்பட்டவர் போலத் தலையைக் குனிந்துகொடுத்தார்.

மறுநாள் காலை கப்பல் புறப்பட்டது. மச்சான் கண்ணாடி வழியாகக் கை காட்டினார். பார்கவன் இரண்டு கவசத்தோடு சுரங்கத்துக்குப் போயிருந்தான். ஞானசிகாமணி சாப்பாட்டுக்கூடத்தில் சாயாவை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா மக்களே, அநியாயத்த. மாவேலி இருந்திருந்தா இது நடக்குமா?"

"நடக்குமா?" என்றாள் சுலோசனா, நேற்று மிஞ்சிய பாயசத்தை அதே கரண்டியால் ஊற்றியபடி.

நடக்காது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த ஓணத்துக்கு ராஜாவின் குடையைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றும் அங்கேயே முடிவானது.