தானாக ஏறும் ஜன்னல்

விழுந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். பழைய வீட்டில் ஜன்னல் கீழே விழுவது இயற்கை. ஆனால் மாடியில் குழந்தையின் அறை ஜன்னல், அவள் தன் கையாலேயே அழுத்தி மூடிவிட்டு வந்த ஜன்னல், பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தபோது மேலே ஏறியிருந்தது. முதல் நாள் ஒரு சாண். மறுநாள் ஒரு முழம்.

குடிவந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கூடத்தில் இன்னும் பிரிக்காத பெட்டிகள். மாமியாரின் நிலைக்கண்ணாடி செய்தித்தாள் சுற்றியபடி சுவரில் சாய்ந்திருந்தது. அவளுடைய அப்பாவின் எடைக்கற்களுக்கு மட்டும் முதல் நாளே இடம் கிடைத்துவிட்டது. சிவப்பு வெல்வெட் குழிகளில் பெரியதிலிருந்து சிறியதுவரை, குடும்பப் படத்துக்கு நிற்பவர்களைப்போல வரிசையாகப் பித்தளைக் கற்கள். அப்பா தராசு பழுது பார்த்தவர். அவளும் அதே தொழில். கடைகடையாகப் போய்த் தராசின் முள்ளை நேர்செய்து தருபவள் என்பதால் கடைத்தெருவில் அவளுக்குத் தராசுக்காரி என்றே பெயர். ஒரு பொருளைக் கையில் வாங்கினாலே ஐம்பது கிராமுக்குள் எடை சொல்லிவிடுவாள்.

இந்த வீட்டை அவள் விரும்பியதே ஜன்னல்களுக்காகத்தான். பக்கவாட்டில் திறப்பவை அல்ல, மேலும் கீழுமாக நகர்பவை. சட்டத்தின் இரு பக்கமும் சுவருக்குள் ஒரு குறுகிய மரக்கூடு. கூட்டுக்குள் கயிற்றில் ஓர் இரும்புக் கட்டி தொங்கும். கயிறு மேலே ஏறி, கிணற்றுக் கப்பியில் வளைவதுபோல் ஒரு சின்னக் கப்பியில் வளைந்து, இந்தப் பக்கம் கண்ணாடிக் கதவைப் பிடித்திருக்கும். இரண்டு கட்டிகளும் சேர்ந்து கதவின் எடை. அதனால்தான் ஒரு விரலால் தூக்கினாலும் ஏறுகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. வீடு முழுக்கத் தராசுகள். "ஜன்னலுக்காக வீடு வாங்கின ஆள் உலகத்துலயே நீதான்" என்று கணவன் சிரித்தான். அவனுக்கு வேண்டியது தோட்டம். காடாகிக் கிடந்த எலுமிச்சையை வெட்டிச் சீராக்கி, கல் பாதையைத் தேய்த்து வெளுப்பாக்கியிருந்தான்.

அந்தக் கல் பாதை, குழந்தையின் ஜன்னலுக்கு நேர்கீழே ஓடியது.

"மறுபடியும் திறந்திருக்கு" என்றான் மூன்றாம் நாள் மாலை, காலணியைக்கூடக் கழற்றாமல். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துகளை விசாரிப்பது அவன் வேலை.

"நான் திறக்கல."

"அப்ப யாரு, காத்தா?"

"காத்து தள்ளும். தூக்காது."

"பாப்பா எட்டிப் பாத்து விழுந்தா? எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரே வார்த்தைதான். கவனக்குறைவு."

"நாலு தடவை மூடினேன்னு சொல்றேன்ல?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதிக் குடுக்கறாங்க." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "சனிக்கிழமை அக்கா வர்றா. அதுக்குள்ள இது நிக்கலன்னா பாப்பா அவகூடப் போகட்டும். வீடு ஒழுங்காகற வரைக்கும்."

"அதை நீங்களும் அண்ணியும் பேசி முடிச்சாச்சா?"

அவன் குனிந்து காலணியைக் கழற்றத் தொடங்கினான். முடித்தாயிற்று என்று அர்த்தம்.

ஐந்து வயது மகளிடம் கேட்டாள்: "நீ திறந்தியா?"

"நான் தூங்கிட்டு இருந்தேனே! தூங்கறப்ப எப்படித் திறக்கறது, நீயே சொல்லு?"

சரியான கேள்விதான். வீட்டில் அது ஒன்றுக்குத்தான் அறிவு இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஓர் ஆணி போதும். சட்டத்தில் அடித்தால் ஜன்னல் நின்றுவிடும். ஆனால் அவள் பொய்க்காரியாகவே நின்றுவிடுவாள். மடியில் வைத்து வளர்த்த குழந்தையைக் கவனிக்கத் தெரியாதவள் என்று ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். அவளுக்கு ஆணி வேண்டாம். எண் வேண்டும். எண்ணோடு யாரும் வாயாட முடியாது.

கதவு தானாக ஏறுகிறதென்றால் சுவருக்குள் இருக்கும் பக்கம் கனமாகியிருக்கிறது. எவ்வளவு கனம்? ஜன்னலின் கைப்பிடியில் ஒரு துணிப்பையை மாட்டி, ஏற்றம் நிற்கும்வரை அப்பாவின் கற்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டியதுதான். திங்கட்கிழமை, மகள் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை. நான்கு மணிக்குச் சற்றுமுன் கப்பி முனகியது. சட்டத்தின் இடுக்கில் இருந்த தூசி கலைந்தது, கண்ணாடிக் கதவு ஒரு நத்தையின் பொறுமையோடு மேலே நகர்ந்தது. கல் போட்டாள். இன்னொன்று. நின்றது. ஒரு கிலோ இருநூறு.

செவ்வாய், இரண்டு முக்கால். புதன், நாலரை.

மழையில் ஊறினால் கயிறு கனக்கும். எவ்வளவு? நூறு கிராம். குளவி கூடு கட்டினால்? இருநூறு. நாலரை கிலோவுக்குக் குளவியும் இல்லை, கயிறும் இல்லை.

வியாழக்கிழமை தச்சரை வரவழைத்தாள். சட்டத்தின் அடியில் கூட்டைத் திறக்க ஒரு சிறிய பலகை இருக்கும். அவர் அதை நெம்பி எடுத்துவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டார்.

"கட்டி சரியாத்தான் இருக்கும்மா. கயிறும் புதுசு மாதிரி."

"மேல பாருங்கண்ணே. கட்டிக்கு மேல."

கை மேலே போனது. அவருடைய முகம் ஏதோ கணக்குப் போடுவதுபோல் இருந்தது. பிறகு போடுவதை நிறுத்தியது. கையை வெளியே இழுத்துக்கொண்டு பலகையை அடித்து மூடினார், அவள் கேட்காமலேயே.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல." உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "சூடா இருக்கும்மா."

"மேற்குச் சுவர். வெயில் பட்டிருக்கும்."

"நாலு நாளா மழைதானேம்மா, வெயில் ஏது?" என்றார் அவர், சுத்தியலை விட்டுவிட்டுப் படி இறங்கியபடியே. "பாப்பாவ வேற ரூம்ல படுக்க வைங்க."

அன்று ஏழு கிலோ.

இந்தத் தச்சனும் சொல்லிக் கொடுக்க வந்துவிட்டான் என்று அவளுக்கு ஆத்திரம் மூண்டது. குழந்தையை அவள் வேறு அறைக்கு மாற்றவில்லை. தராசு வேலையில் முதல் விதி, சோதனை தொடங்கியபின் அறையில் எதையும் நகர்த்தக் கூடாது என்பது. ஒரு நாற்காலியை எடுத்தாலும் தரைப்பலகை நிமிரும், தரைப்பலகை நிமிர்ந்தால் முள் பொய் சொல்லும். முதல் நான்கு எண்களும் மகள் அந்தக் கட்டிலில் படுத்திருக்கையில் எடுத்தவை. மீதியும் அப்படித்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கணவன் என்ன கேட்பான்? 'பாப்பா இல்லாதப்ப எடுத்ததை எப்படி நம்பறது?' சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அவளே பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள்?

வெள்ளிக்கிழமை அறையில் ஒரு வாடை இருந்தது. ஈரக் கயிறு, பழைய எண்ணெய், அதற்கும் அடியில், தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாடை. குனிந்து மகளை முகர்ந்தாள். இல்லை. வாடை சுவரிலிருந்து வந்தது. சட்டத்தில் காதை வைத்தாள். மகள் மூச்சை உள்ளே இழுத்தாள். சுவருக்குள் கயிறு இறுகியது. மகள் மூச்சை விட்டாள். கயிறு தளர்ந்தது. இழுப்பு. இறுக்கம். விடுகை. தளர்வு.

ஒன்பதரை கிலோ. அவள் எழுதிக்கொண்டாள். எண் கோணலாக விழுந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்குக் கணவனையும் நாத்தனாரையும் மாடிக்கு அழைத்துவந்தாள். மகள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஏற்கெனவே குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கிவிட்டிருந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் தராசுக்காரிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நாலு மணிக்குப் பாருங்க. வாயத் திறக்காம பாருங்க."

நான்கு. நான்கு ஐந்து. நான்கு பத்து.

ஜன்னல் அசையவில்லை.

அவள் விரலால் ஓர் அங்குலம் தூக்கினாள். நின்றது. இன்னும் தூக்கினாள். விட்ட இடத்தில், அழகாக, புதுத் தராசுபோல நின்றது.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் நாத்தனார். "இதுக்கா தச்சன், கல்லு, நோட்டு எல்லாம்? சின்னப் புள்ளை தோத்துது போ!"

"நேத்து ஒன்பதரை இருந்தது, அண்ணி!"

"இன்னிக்கு எங்க போச்சு?"

அது கேலிக்குக் கேட்ட கேள்வி. ஆனால் கேள்வி சரி. எடை அழியாது. ஒரு தட்டிலிருந்து இறங்கினால் இன்னொரு தட்டில் ஏறியிருக்க வேண்டும்.

"போதும்" என்றான் கணவன். "நான் தூக்கிட்டு வரேன். நீ பைய எடுத்துக்கோ, அக்கா." கட்டிலில் குனிந்து மகளின் அடியில் கைகொடுத்துத் தூக்கினான். பாதியில் நின்றான். "ஏ அப்பா! ஒரு வாரத்துல என்னத்தப் போட்டே இவளுக்கு?"

அவன் சிரித்தான். நாத்தனாரும் சிரித்தாள்.

"குடுங்க" என்றாள் அவள். "எங்கிட்டக் குடுங்க. என் குழந்தை."

பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். மகளின் கன்னம் அவள் தோளில் வந்து சாய்ந்தது. தூங்கும் மூச்சு காதோரம் பட்டது. அவளுடைய கைகள், அவள் கேட்காமலேயே, வேலையைச் செய்துவிட்டன.

மகள் பதினெட்டு.

கையில் இருந்தது இருபத்தேழரை.

கோபம் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை. வெறும் குளிர். மகளின் முதுகை மெல்லத் தடவினாள். சட்டை. எலும்பு. சட்டை. வேறெதுவும் இல்லை.

"சரி, குடு. கார்ல படுக்க வைக்கறேன்" என்று கணவன் கைநீட்டினான்.

"வாங்காதீங்க."

"என்ன?"

"தொடாதீங்க. தள்ளிப் போங்க. அண்ணியையும் கூட்டிட்டுப் போங்க."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. அவன் பார்த்தது அவளை அல்ல, அவள் தோளுக்கு மேலே எதையோ. நாத்தனாரின் கையிலிருந்து பை நழுவி விழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். மகளின் இரண்டு கைகளும் தூக்கத்தில் தளர்ந்து, அவளுடைய இடுப்புக்கு இருபுறமும் தொங்கிக்கொண்டிருந்தன.

தராசுக்காரியின் பிடரியில், கூந்தலுக்கு அடியில், சின்னச் சின்ன விரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.