மேசைமேல் ஆடிய விளக்கு

மேசைமேல் கிடந்த மூன்று போன்களில் ஒன்றுக்குள் மட்டும் விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

மெர்ரன் டல்லி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தாள். ஹோபார்ட் நகரத்துக் குளிர்காலத்தில் மலைக்குப் பின்னால் சூரியன் வேலை முடிந்தவன் மாதிரி சீக்கிரமே கிளம்பிவிடும். சமையலறை ஏற்கெனவே இருட்டு. படகு அருங்காட்சியகத்தின் வலைத்தளத்துக்குள் பதிப்பதற்காக அவள் செய்த பக்கம் அது; மூன்று போன்களிலும் திறந்து சோதித்துக்கொண்டிருந்தாள். போனைச் சாய்த்தால் திரையில் தொங்கும் கப்பல் விளக்கும் சாயும். கையில் பிடித்து நடந்தால் நடைக்கேற்ப ஆடும். சும்மா கிடக்கும் போனில் ஆட வழியில்லை.

வழி என்று ஒன்றை அவளேதான் திறந்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம் போனின் அசைவைப் படிக்க வேண்டுமானால், வெளிப்பக்கம் அனுமதிக்க வேண்டும். இன்ன முகவரிக்கு மட்டும் என்று எழுதுவதுதான் முறை. அது ஒரு பிரவுசரில் ஓடி மற்றொன்றில் முரண்டு பிடிக்கவே, எரிச்சலில் ஒற்றை நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டாள். யார் வந்தாலும் விடு என்று அர்த்தம். பிறகு மூடிக்கொள்ளலாம் என்று அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். யாரும் மூடுவதில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு டெஸ் குரல் கொடுத்தார். "இன்னிக்கும் மூணு போனோடதான் குடித்தனமா, மெர்ரன்? சிப்பிக்கறி வச்சுச் சுட்ட 'பை' சூடா இருக்கு. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்."

"வேல இருக்கு, டெஸ்."

"அதுங்க திருப்பிப் பேசாது, பாத்துக்க."

அவர் கதவு சாத்திக்கொண்டது. புருஷன் கெர் படகோடு கடலில் மூழ்கிப் போனதிலிருந்து அவள் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று தெருவே பேசியது. பொய்யில்லை.

ஆடிய போன் கெருடையது. விளக்கு நீளமாக ஒரு வீச்சு, குட்டையாக ஒரு வீச்சு. நீளம், குட்டை. இடுப்பில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கெர் கூடத்தில் நொண்டிய நடை. கூடத்துத் தரைப்பலகைகள் முனகவில்லை. ஈரக் கயிறும் வற்றிய கடற்சேறும் கலந்த வாடை மட்டும் மெதுவாக உள்ளே வந்தது.

பயந்திருக்க வேண்டும். மெர்ரனோ அலமாரியிலிருந்து இரண்டாவது கோப்பையை எடுத்தாள்.

"இங்கதான் இருக்கேன், கெர்."

விளக்கு நின்றது.

இரண்டாவது போன் கறாரானது. மனித விரல் பட்டாலொழிய அதன் பிரவுசர் அசைவைத் தராது. 'அனுமதிக்கவா?' என்ற கேள்வி அதில் காலையிலிருந்து நின்றது. அவள் தொடவில்லை.

கேள்வி மறைந்தது. கண்ணாடியில் ஈரமாக ஒரு விரல் தடம்.

விளக்கு ஆடியது. நொண்டல் இல்லை. கனத்த, சீரான நடை.

இது கெர் இல்லை.

யார் வந்தாலும் விடு.

டெஸ்ஸைக் கூப்பிட மூன்றாவது போனைப் பாய்ந்து எடுத்தாள். அவளுடையது, காலை முழுக்க அவள் கையில் ஒழுங்காக ஆடியது. கை நடுங்கியது. தோள்வரை நடுங்கியது. திரையில் விளக்கு நேராகத் தொங்கியது.

உலுக்கினாள்.

மேசைமேல் நின்றுபோன விளக்கும் சேர்ந்து இரண்டும் நெருங்கி வரும் நடைக்கு ஆடின. அவள் கையிலிருந்தது, யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் போன் மாதிரி, அசையவே இல்லை.