ஒரு நாள் கோவில்பட்டிக்கு வந்த பினாங்கு

ஆகஸ்ட் 13, புதன்கிழமை. காலை 9.40.

களவு போனது ஒரே ஒரு பக்கம். கம்பெனியின் உயிரே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஈரக்காத்துலயும் நமுத்துப்போகாத நம்ம கடலைமிட்டாய்ப் பாகுப் பதம். பினாங்குல ஒருத்தங்கிட்ட எவனோ விலை பேசுதான்" என்று முதலாளி ஜெயபாண்டி கைபேசியை மேஜைமேல் வைத்தார். மாதிரிக்கென்று பாதிப் பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறான் திருடன். மீதிப் பாதி பணம் வந்த பிறகாம். பினாங்கில் இருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

கோவில்பட்டியில் வெல்லமும் கடலையுமாகத் தொடங்கி, துபாய், நைரோபி, பினாங்கு என்று கிளைவிட்ட கம்பெனி அது. எந்த நாட்டுக் கம்பெனி எதற்குக் கீழே, எந்த ஆலைக்கு யார் பொறுப்பு, யார் எதைப் பார்க்கலாம் என்று அத்தனையையும் சாஃப்ட்வேரில் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருந்தது எட்டயபுரம் ரோட்டு மாடியில் இருந்த ஒரு சின்னப் பிரிவு. அதன் தலைவி சத்யபிரியா. கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். "எங்க ஊருல உக்காந்துக்கிட்டே நாலு நாட்டை ஆட்டி வைக்கோம்" என்று ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடப் பெருமை பேசுகிறவள்.

அவள் கட்டங்களின் சட்டம் எளிது. ஒரு கட்டத்தை எதற்குக் கீழே வைக்கிறோமோ, அதன் வழக்கமெல்லாம் இதற்கும் வந்துவிடும். வாக்கப்பட்ட பெண்ணுக்குப் புகுந்த வீட்டு வழக்கம் வருகிற மாதிரிதான். பாகுப் பதத்தைக் கோவில்பட்டிக் கட்டத்தின் கீழே இருக்கும் ஆலைகள்தான் திறக்கலாம். பினாங்கு வெறும் பொட்டலம் போடும் இடம். வெளிநாட்டுக் கட்டத்தின் கீழே கிடந்தது. அங்கிருந்து யாரும் திறக்க வழியே இல்லை.

"பின்ன எப்படிம்மா திறந்தான்?"

சத்யபிரியா கணினியைத் துருவினாள். ஆகஸ்ட் ஐந்து, காலை பத்து மணிக்கு யாரோ பினாங்குக் கட்டத்தைத் தூக்கிக் கோவில்பட்டிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பினாங்கின் பொது லாகினில் பதத்தைத் திறந்திருக்கிறார்கள். பதினொரு மணிக்குக் கட்டம் பழைய இடத்துக்கே போய்விட்டது.

"பூட்டை உடைக்கல அண்ணாச்சி. வீட்டையே நகத்திட்டான்."

"கட்டத்தை நகத்தினது யாரு பேர்ல இருக்கு?"

அவள் திரையை முதலாளி பக்கம் திருப்பினாள். "நம்ம பிரிவுப் பொன்மணி."

முதலாளி பெருமூச்சு விட்டார். "சாயங்காலம் நாலு மணிக்கு டைரக்டர்ங்க கூடுதாவ. அந்தப் பிள்ளைதான்னா போலீசுக்குப் போவும். பிரிவையும் மூடிட்டு வேலையச் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்த சென்னைக்காரங்ககிட்டயே குடுத்துரலாம்னு ரெண்டு பேர் ஏற்கெனவே சொல்லுதாவ."

"நாலு மணி வரைக்கும் விடுங்க. அஞ்சாம் தேதியப் பத்தி யாருகிட்டயும் வாய் திறக்காதீங்க அண்ணாச்சி."

காலை 11.00.

அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கட்டியவளே பொன்மணிதான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உன் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"பயிற்சி அன்னைக்குச் சென்னைக் கம்பெனி ஹரிஹரசுதன் சார்தான் போட்டுக் குடுத்தாவ. ஆண்ட்ரூஸ் அண்ணனும் பக்கத்துல இருந்தாவ. மாத்தச் சொன்னீங்க. மாத்தலக்கா."

"நல்லா இருக்குட்டி. வீட்டைப் பூட்டிச் சாவியத் தெருவுல போட்ட கதை. பினாங்கு லாகின்?"

"அதுவும் இங்க எங்க மூணு பேருக்குத்தான் தெரியும்."

"அஞ்சாம் தேதி எங்க போனே?"

"அம்மாவக் கூட்டிட்டுக் கழுகுமலைக் கோயிலுக்கு. அக்கா, நான் கட்டினதை நானே கெடுப்பேனா?"

கெடுக்க மாட்டாள் என்று சத்யபிரியாவுக்குத் தெரியும். ஆனால் டைரக்டர்கள் நம்பிக்கையைக் கேட்க மாட்டார்கள், சாட்சியைத்தான் கேட்பார்கள்.

காலை 11.30. ஏற்றுமதி மேனேஜர் ஆண்ட்ரூஸ். போன மாதம்தான் பினாங்குக்குப் போய்வந்தவர்.

"அஞ்சாம் தேதி எங்க இருந்தீங்கண்ணே?"

"தூத்துக்குடியில. பனிமய மாதா கோயில் திருவிழால்லா? பிள்ளையளோட போயிருந்தேன். கூட்டத்துல போனைத் தொலைச்சிட்டுத் தேடித் தேடியே பொழுது போச்சு."

"போன் கிடைச்சுதா?"

"எங்க கிடைக்க? என்னையவே சந்தேகப்படுதியாம்மா?"

"எல்லாரையும்தாண்ணே கேக்கேன்."

பகல் 12.00. ஹரிஹரசுதன். வெளிநாட்டுக் கிளைகளுக்குச் சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுக்கும் சென்னை நிறுவனத்தின் ஆள். இந்த வாரம்தான் மறுபடியும் கோவில்பட்டிக்கு வந்திருந்தான். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

"அஞ்சாம் தேதியா? சென்னையில எங்க ஆபீஸ்லதான் இருந்தேன் மேடம். பத்து மணிக்கு இங்க ஆபீஸ் நம்பருக்கு போன் பண்ணினேன். பொன்மணிதான் எடுத்தாங்க. ஒரு கட்டத்தை மாத்திட்டிருக்கேன், அப்புறம் பேசுங்கன்னு வச்சுட்டாங்க. பாவம், சின்னப் பொண்ணு. யார் பேச்சைக் கேட்டுச்சோ."

"அஞ்சாம் தேதிதானா? நிச்சயமா?"

"செவ்வாய்க்கிழமை. நல்லா ஞாபகம் இருக்கு."

"ரொம்ப சந்தோசம் சார். டீ சாப்பிடுதீங்களா?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள்.

அவன் போனதும் பினாங்கு மேனேஜரை அழைத்தாள். அன்று அங்கே வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று கேட்டதுதான் தாமதம், மனுஷர் பொரிந்து தள்ளினார்.

"நம்ம வாசல் மெஷின் மானத்தை வாங்கிருச்சும்மா! மதியம் சாப்பிடப் போன ஆளுங்க திரும்பி வந்து கைரேகை வச்சா, 'இன்று விடுமுறை'ன்னு காட்டுது, கதவு திறக்கல. அத்தனை பேரும் வெயில்ல நின்னாங்க. கொஞ்ச நேரத்துல தானா சரியாப் போச்சு. மெஷின்காரனைக் கூப்பிட்டு நல்லா ஏசிவிட்டேன்."

இங்கே காலை பத்து என்றால் அங்கே பகல் பன்னிரண்டரை. "அடி சக்கை!" என்று சத்யபிரியா வாய்விட்டே கத்தினாள்.

மாலை 4.00.

டைரக்டர்கள் ஒரு பக்கம். பொன்மணி, ஆண்ட்ரூஸ், ஹரிஹரசுதன் எதிர்ப்பக்கம். சத்யபிரியா எழுந்து பினாங்கு வாசலில் நடந்ததைச் சொன்னாள்.

"பினாங்குக்கு அன்னைக்கு லீவே கிடையாது. பின்ன நம்ம சாஃப்ட்வேரைப் பாத்துக் கதவு திறக்க மெஷின் ஏன் லீவுன்னுச்சு? கோவில்பட்டிக்குக் கீழ வந்ததும் பாகுப் பதம் மட்டும் வரல, கோவில்பட்டி லீவும் கூடவே வந்துட்டு. ஆகஸ்ட் அஞ்சு, மாதா கோயில் திருவிழா. நம்ம மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. இந்த ஆபீஸும் ஆலையும் பூட்டிக் கிடந்துச்சு."

ஹரிஹரசுதன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்த லீவைச் சாஃப்ட்வேர்ல ஏத்தினதே பொன்மணிதான். அவ திருடியிருந்தா, முதல்ல அதை நிறுத்திட்டுத்தான் கட்டத்தைத் தொட்டிருப்பா. ஆண்ட்ரூஸ் அண்ணன் திருவிழாவுலயே நின்னவிய. அவியளுக்கும் தெரியாம இருக்காது. அப்படி ஒரு லீவு இருக்கதே தெரியாத ஆளுதான் இதைச் செஞ்சிருக்கணும்." அவள் மெல்லத் திரும்பினாள். "பூட்டிக் கிடந்த ஆபீஸ்ல உங்க போனை எடுத்தது யாரு சார்? பேயா?"

அவன் அவசரமாகக் கைபேசியைத் தடவினான். "அன்னைக்கு வேலை நாள் மேடம். கவர்ன்மென்ட் லிஸ்ட்லயே இல்ல, பாருங்க!"

"உங்க சென்னைக்கு வேலை நாள்தான் சார்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு பொழுது சாயும்வரைகூடத் தாங்கவில்லை. பதத்தையும் விற்கலாம், பழியைப் பொன்மணிமேல் போட்டுப் பிரிவின் வேலையையும் தன் கம்பெனிக்கே வாங்கலாம் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க்குக் குறிவைத்தவன், இப்போது வேர்த்து விறுவிறுத்துக் கத்தினான்.

"நாலு நாட்டுக்கு ஓடுற சிஸ்டம் இது! அதுல போய் ஊர்த் திருவிழா லீவையெல்லாம் போட்டு வச்சா, மாத்துறவன் எப்படி எதிர்பார்ப்பான்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. அவன் மடிக்கணினியைக் கூட்டத்திலேயே திறக்க வைத்தார்கள். மாதிரிப் பாதி, விலைக்கு வைத்த பாதி, இரண்டும் அதில் இருந்தன. முதலாளி போலீசுக்கு போன் போட்டார்.

அதுவரை தலைகுனிந்து இருந்த பொன்மணி எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"துபாய்க்குப் பெருநாள் லீவு போட்டேன். நைரோபிக்கு அவிய குடியரசு நாள் போட்டேன். பினாங்குக்குத் தைப்பூசம் போட்டேன். எங்க ஊருக்கு மட்டும் போடாம விடுவேனா சார்?"

பிரிவை மூடச் சொன்ன டைரக்டர்தான் முதலில் கைதட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"இந்தப் பிரிவு எங்கயும் போகாது" என்றார் முதலாளி. "வேணும்னா சென்னைக்காரங்க இங்கன வந்து படிச்சிட்டுப் போகட்டும்."

சத்யபிரியாவுக்குப் பெருமை தாளவில்லை. அவள் பொன்மணியின் தோளைப் பிடித்து டைரக்டர்கள் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். "நாலு நாட்டையும் கட்டினது இவதான்."