நாலு மணிக் குரல்

"சளி ஊசி ஒண்ணு போட்டு விடுங்க டாக்டர்... சீக்கிரம்!"

தொப்பலாக நனைந்து மருந்துக்கடைக்குள் நுழைந்தாள் ரபாப். அலெக்சாந்திரியாவின் மழை டிராம் தண்டவாளத்தை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. ஆண்டிபயாடிக்கோடு இன்னும் இரண்டு மருந்தைச் சேர்த்து ஒரே ஊசியாகக் குத்திக்கொண்டால் மறுநாளே எழுந்து நடமாடலாம் என்பது அந்த ஊரின் நம்பிக்கை.

மருந்துக்கடைக்காரரையும் 'டாக்டர்' என்றே அழைக்கும் ஊர் அது. கடைக்காரன் ஃபிக்ரி நிமிர்ந்தான். பெரிய கண்கள்... யாரோடும் பேசிப் பழக்கமில்லாத கண்கள்.

"போடறதில்லைங்க."

"தெரு முழுக்கப் போடறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"வெறும் சளிக்கு ஆண்டிபயாடிக் வேண்டாம்னு ஒருத்தங்க தினம் நாலு மணிக்கு ரேடியோவில சொல்றாங்க. கிருமி மருந்துக்குப் பழகிடுமாம். நாளைக்கு உயிர் போற நேரத்துல எந்த மருந்துக்கும் மசியாதாம்..." சட்டென்று நிறுத்தினான். "தொண்டை கட்டியிருந்தாலும் தெரியுது. அது நீங்கதானே மேடம்?"

ரபாபின் முகம் சிவந்தது. "நாளைக்கு நான் பேசியாகணும். அதுக்காக..."

"எல்லாரும் இப்படி ஒரு காரணம் சொல்றாங்க. கொய்யா இலைக் கஷாயம் குடிங்க. மூணு நாள்ல விடலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"உங்க உபதேசம் எனக்கு வேண்டாம்!"

திரும்பும்போதுதான் கவனித்தாள். எதிர் மருந்துக்கடையில் கூட்டம் நெரிந்தது. இங்கே மழைக்கு ஒதுங்கக்கூட ஆளில்லை.

"ஊசியை நிறுத்தினதுலேர்ந்து இப்படித்தான்," என்றான் அவன். "உங்க பேச்சைக் கேட்டுத்தான் நிறுத்தினேன்."

வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை அவளை விடவில்லை. ஏழு வருஷமாகத் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, கண்ணாடி அறைக்குள் தனியாகப் பேசுகிறாள். யாராவது கேட்கிறார்களா என்றே தெரிந்ததில்லை. ஒருவன் கேட்டிருக்கிறான்... கேட்டு, பிழைப்பையே கெடுத்துக்கொண்டிருக்கிறான். அவனிடமா எரிந்து விழுந்தோம்?

ஐந்தாம் நாள் குரல் திரும்பியது. நிகழ்ச்சிக்குப் பொறுப்பான இஹ்சான் கையைப் பிசைந்தாள். "ஊசி கேட்டுப் போனதை மைக்கில சொல்லாதே ரபாப். ஊரே சிரிக்கும். நிகழ்ச்சியையே நிறுத்திடுவாங்க!"

ரபாப் மைக்கைத் திறந்தாள்.

"நேயர்களே... போன வாரம் நானே சளி ஊசி கேட்டுப் போனேன். ஒருத்தர் போட மாட்டேன்னுட்டார். நான் கோபப்பட்டேன். நான் சொன்னதை நானே நம்பலை... அவர் நம்பினார். அவர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

நேரலைத் தொலைபேசி அலறியது. திட்டியவர் இருவர். மூன்றாவதாக...

"ஃபிக்ரி பேசறேன். மருந்துக்கடை."

ரபாப் மைக்கருகே குனிந்தாள். "கடையில... ஆள் வந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்லை. அதான் தாராளமாப் பேசலாம்னு கூப்பிட்டேன்."

"ஊரே கேட்டுட்டிருக்கு டாக்டர்!"

"கேக்கட்டும். கிருமி விஷயமெல்லாம் நானும் படிச்சவன்தான். தெரிஞ்சேதான் ஊசி போட்டுட்டிருந்தேன். நீங்க சொன்னதாலதான் விட்டேன்... உங்க குரல் இல்லேன்னா எனக்கு அன்னிக்குப் பொழுதே விடியாது மேடம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இஹ்சான் தலையில் கை வைத்துக்கொண்டாள். ரபாபின் கண்கள் நிறைந்தன.

"மேடம் வேண்டாம்... ரபாப்னு கூப்பிடுங்க," என்றாள், ஊர் கேட்கக் கேட்க. "எனக்கும் யாருமில்லை ஃபிக்ரி. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."