உள்பக்கமாக மடித்த வலை

மண்ணுக்குள் புதைந்திருந்த கம்பி வலை தப்பான பக்கமாக மடிந்திருந்தது.

வெல்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்தவன் வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. வாடகைக்கு வந்து இரண்டு மாதமே ஆன வீடு அது. பின்பக்கம் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன நாலு இரும்புக் குழாயும் ஒரு தகரக் கூரையும் நின்றன. சுற்றி வலை அடித்து ஒரு கதவு வைத்தால் கோழிக்கூடு தயார் என்று கணக்குப் போட்டு, காலையிலிருந்து ஓரம் தோண்டிக்கொண்டிருந்தான். கூட்டைச் சுற்றி மண்ணுக்குள்ளும் ஒரு முழம் வலையை இறக்கி, அதன் அடியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். கீரியோ பெருச்சாளியோ வெளியே நின்று தோண்டினால் காலடியிலேயே வலை தட்டும், அலுத்துப்போய்ப் போய்விடும். இங்கேயோ எவனோ ஒரு புண்ணியவான் விரல் தடிமன் கம்பியில் வலை பின்னி, நாலு பக்கத்தின் மேல் விளிம்பையும் உள்பக்கமாக மடித்து, நடுவில் மூடி போலச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே ஒரு சாண் மண்ணைப் போட்டு மூடியிருந்தான். பக்கச் சுவர்கள் கீழே இறங்கிப் போயின. எவ்வளவு ஆழம் என்று கடப்பாரையை விட்டுப் பார்த்தான், அடி எட்டவில்லை.

"அக்கா, இங்க வந்து இந்தக் கூத்தக் கொஞ்சம் பாரேன்!"

அக்கா முறத்தோடு வந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆறு இளம் விடைக்கோழிகள் வருகின்றன, அவற்றுக்கு நொய்யரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் கட்டிலே கதியென்று சுவரைப் பார்த்துக் கிடந்தவள், போன வாரம் திடீரென்று, "ரெண்டு கோழி வளக்கலாமாடா?" என்று கேட்டாள். அவன் அன்றைக்கே போய் ஆறு கோழிக்குச் சொல்லிவிட்டு வந்தான். அப்பாவும் அம்மாவும் போனபோது அவனுக்கு ஐந்து வயது, அவளுக்குப் பதினேழு. கல்யாணமே வேண்டாம் என்று ஒதுங்கி, தன் கையால் ஊட்டி அவனை ஆளாக்கினாள். அவள் இல்லையென்றால் அவனுக்கு நாதி கிடையாது, அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"மடிச்சது தப்புன்னு நீ எப்படிடா சொல்ற? அவன் என்ன நினைச்சு மடிச்சானோ."

"என்னத்த நினைச்சான், மடையன்! மேல கட்ட வேண்டிய கூண்ட மண்ணுக்குள்ள கட்டி வெச்சிருக்கான். கோழி என்ன கிழங்கா?"

அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பழைய அக்காவாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் ஊரையே அறுத்துப் போட்டிருப்பான்.

ஆனால் அவன் கண் தொழில்காரன் கண். அவள் உள்ளே போனதும் குந்தி உட்கார்ந்து கம்பிகளைத் தடவிப் பார்த்தான். இருபது இடத்திலாவது ஒட்டுப் போட்டிருந்தது. எல்லாம் அவசரத்தில், கை நடுங்கப் போட்ட ஒட்டு. ஒட்டுப் போட்ட இடத்திலெல்லாம் கம்பி மேல்நோக்கிப் புடைத்திருந்தது. பாரம் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாரம் ஏறினால் கம்பி கீழேதான் வளையும் என்பதும் அவனுக்குத் தெரியும். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, நாலு மணிக்குக் கோழி வந்துவிடும்.

கட்டிங் மெஷினை எடுத்தான்.

நெருப்புப்பொறி பறக்க, காது கிழிய, ஒரு மணி நேரத்தில் மூடியை முழுசாக அறுத்து எடுத்துவிட்டான். கடைசிக் கம்பி விட்டபோது அடியிலிருந்து சூடாக ஒரு காற்று முகத்தில் அடித்தது, சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி. நனைந்த இறகு வாடை, அதற்குள் பழைய இரத்த வாடை. மெஷின் சூடு என்று நினைத்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மட்டம் செய்து, மேலே வைக்கோலைப் பரப்பினான். சுற்றி வலை அடித்து, கதவும் வைத்து முடித்தான்.

கோழிகள் சொன்ன நேரத்துக்கு வந்தன. கூடையைக் கூட்டுக்குள் வைத்துத் திறந்ததும் ஆறும் தரையில் கால் வைக்காமலே பறந்து, அவன் பற்றவைத்திருந்த குறுக்குக் கம்பியில் ஏறிக்கொண்டன. கம்பியில் எவ்வளவோ இடம் இருந்தும் ஒரு மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் கீழே பார்த்தன. ஆறும் ஒரே இடத்தைப் பார்த்தன.

"பா... பா... பா..." அக்கா கூட்டு வாசலில் குந்தி, வலது கையால் நொய்யைத் தூவினாள். விரல்களை மெல்ல விரித்து, மெல்ல மூடி, மறுபடி விரித்து. ஒன்றுகூட இறங்கவில்லை.

"பகல்லயே அடைஞ்சுடுச்சேடா."

"புது இடம்ல, பயம். பழகிடும் விடு."

அவன் மெஷின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். வெயிலில் தகரக் கூரை முறுக்கிச் சடசடத்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தங்களுக்கு நடுவே கோழிகளின் முனகல் ஒரே நொடியில் நின்றுபோனதை அவன் கேட்டான்.

வைக்கோல் நடுவில் குழிந்தது.

குறுக்குக் கம்பி நின்ற குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பழுப்புக் கோழி சறுக்கி விழுந்தது. விழுந்த இடத்திலேயே வயிறு வரை மண்ணுக்குள் போய்விட்டது. இறக்கை இரண்டும் தரையை அடித்தன. மற்றவை அலறின.

"அய்யோ, பாவம்டா!" அக்கா உள்ளே பாய்ந்து இடது கையால் அதைப் பிடித்து இழுத்தாள். மண் அதை விடவில்லை. அவள் இன்னும் பலமாக இழுத்தாள். ஏதோ கிழிந்தது. பாதிக் கோழி அவள் கையோடு வந்தது. மிச்சம் வரவில்லை. அவள் தடுமாறி, நொய்யை மூடியிருந்த வலது கையைத் தரையில் ஊன்றினாள்.

மண் அந்தக் கையை வாங்கிக்கொண்டது.

"தம்பீ!"

இடுப்பைக் கட்டிப் பிடித்தான். இழுத்தான். முழங்கை போயிற்று. காலை உதைத்து ஊன்றி இழுத்தான். அவள் முகம் வைக்கோலில் தேய்ந்தது. கீழே ஏதோ மென்றது. அவசரமில்லாமல் மென்றது.

"அக்கா, விடாத, விடாத..."

"நான் எங்கடா விடுறது? அது விடல!" அவள் கண் மெஷின் பக்கம் போனது. "வெட்டுடா."

"அக்கா..."

"வெட்டுடா தம்பி! தோள் போகுது!"

ஒயர் இன்னும் பிளக்கில்தான் இருந்தது. இரும்பு அறுக்கும் தட்டு. ஆயிரம் குழாய் அறுத்த கை. கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் மாறியது. சதையில் ஒரு சத்தம். எலும்பில் ஒரு சத்தம். அக்காவின் சத்தம். தகரத்தில் இரத்தம் மழையாகத் தெறித்தது. பிறகு அவள் லேசாகிவிட்டாள், இருவரும் பின்னால் விழுந்தார்கள்.

தூக்கிக்கொண்டு ஓடினான். சமையலறைக் கதவைச் சாத்தினான். அவளைச் சுவரில் சாய்த்து, தோளுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டினான். போனில் ஆம்புலன்ஸ்காரன் பத்து நிமிஷம் என்றான். பத்து நிமிஷம் தாங்குவாள். தாங்க வேண்டும். "அக்கா, என்னைப் பாரு, தூங்காத, உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்." அவள் உதடு வெளுத்திருந்தது, மூச்சு இருந்தது. அது போதும் என்று அழுதான்.

வெளியே கோழிகள் அலறிக்கொண்டிருந்தன. ஐந்து. பிறகு நாலு. பிறகு இரண்டு. பிறகு ஒன்று மட்டும் வெகுநேரம்.

அமைதி.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். கூட்டுக்குள் இறகு மட்டும் கிடந்தது. கூட்டிலிருந்து துவைக்கிற கல் வரை மண் வரப்பாகப் புடைத்திருந்தது. காலையில் அங்கே வரப்பு இல்லை. கல் ஆடியது. சாய்ந்தது. வரப்பு வீட்டுச் சுவருக்கு அடியில் நுழைந்தது.

மடையன். அவனே சொன்ன சொல் அவன் காதில் கேட்டது.

அடுப்புக்குக் கீழே ஒரு தரை ஓடு விரிசல் விட்டது. தூக்கிக்கொண்டது. ஓரமாக நகர்ந்தது.

கை வந்தது. அக்காவின் வலது கை. முழங்கைக்கு மேலே அவன் அறுத்த அறுப்பு மண்ணுக்குள் எதிலோ பொருந்தியிருந்தது. மூடிய கை மெல்ல விரிந்தது. நொய் தரையில் உதிர்ந்தது. மெல்ல மூடியது. மறுபடி விரிந்தது.

"பா... பா... பா..."

அக்காவின் குரல்தான். தரைக்கு அடியிலிருந்து வந்தது.

அவன் அக்காவை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். அவள் கண் திறந்தது. அவனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் தரையில் கிடந்த நொய்யைப் பார்த்தாள். பிறகு, அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, குனிந்தபடி அந்தக் கையை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள்.