சுவரோரத்து இடம்

சாயங்காலம் ஆறேகாலுக்குக் கோழிகள் கூட்டில் அடைந்துவிட்டன. கதவைச் சாத்தப் போன கத்தரீனாள் நின்றாள். கம்பில் சுவரோரத்து இடம் காலியாக இருந்தது.

கூடு அடுப்படிச் சுவரை ஒட்டிக் கட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. நெருப்பை அணைத்த பிறகும் கல்லில் வெகுநேரம் சூடு நிற்கும். உடும்பஞ்சோலை மழையில் அந்தச் சூட்டுக்குத்தான் கோழிகள் சண்டை போடும். செவலைதான் தலைமை, அது சுவரோரம் உட்காரும். அடுத்தது கறுப்பி. பிறகு மற்றவை, யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசையில். எல்லோரிடமும் கொத்து வாங்கும் புள்ளிக்குக் கதவோரம். இடுக்கில் வரும் காற்றெல்லாம் அதன் முதுகில்.

இன்று செவலை ஒரு கோழி உட்காரும் அளவு தள்ளி உட்கார்ந்திருந்தது. மற்றவை அதன்மேல் நெருக்கிக்கொண்டு இறக்கைக்குள் இறக்கையாகக் கிடந்தன. புள்ளிக்குக் கம்பில் இடமில்லை. கீழே எச்சத்தில் நின்றது.

"ஏய், உள்ள போ."

செவலையைச் சுவர்ப் பக்கம் தள்ளினாள். அது நகத்தால் கம்பை இறுக்கிக்கொண்டது. இன்னும் தள்ளினாள். கழுத்தைத் திருப்பி, காலியான இடத்தை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது. பெரிய கோழியின் முன்னால் சின்னக் கோழி தாழ்த்துவதுபோல.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

ஏலச்செடிகளுக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி சிரித்தாள்.

"ஏண்டி கத்தரீனா, காய் எடுக்கிறியா, கனாக் காணுறியா? கங்காணி பாத்தா உன்னயக் கூட்டுல அடைச்சிருவான்."

"அக்கா, கோழி தன் எடத்த விட்டுக் குடுக்குமா?"

"தன்னைய விடப் பெருசு வந்தாக் குடுக்கும். எம்மருமக வந்ததும் நான் கட்டில விட்டேன்ல, அந்தக் கணக்கு."

"செவலை விட்டிருச்சுக்கா."

"செவலையா? அது ரெஜீனா வளத்த கோழில்ல. அவளைத் தவிர ஒருத்தருக்கும் அது எந்திரிச்சதில்ல." சொல்லிவிட்டுச் சின்னத்தாயி சிரிப்பை நிறுத்தினாள். கூடையை இழுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள்.

ரெஜீனாள், பவுல்ராஜின் முதல் மனைவி. காய்ச்சலில் கிடந்து, நெடுங்கண்டம் போகும் ஜீப்பிலேயே இறந்தவள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. கோழிகளும் பாத்திரங்களும் அவளுடையவை. மகள் ஜின்சியும்.

கத்தரீனாளைக் கம்பம் ஊரில் தாலி கட்டிக் கூட்டிவந்த அன்று மலையில் மண் சரிந்து ஜீப் தாமதமானது. தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கரண்டும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பக்கத்தில் தடவிப் படுத்தாள். விடிந்ததும் ஜின்சி கண்ணைத் திறந்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள்.

"கோழிய ஏத்திவிட்ட மாதிரியில்ல ஆயிருச்சு" என்று பவுல்ராஜ் சிரித்தான். புதுக்கோழியைப் பகலில் விட்டால் மற்றவை கொத்திக் கொன்றுவிடும். இருட்டில் சத்தமில்லாமல் கம்பில் ஏற்றிவைக்க வேண்டும். விடியும்போது எப்போதும் அங்கேயே இருந்ததாக எல்லாம் நினைத்துக்கொள்ளும்.

அந்த "அம்மா" ஒன்றுதான் இந்த வீட்டில் கத்தரீனாளுக்கு இருந்த இடம்.

காய் எடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் புள்ளி கூட்டுக்குள் போக மறுத்தது. பிடித்து உள்ளே விட்டாள். உள்ளே சிறகடிக்கும் சத்தம், கம்பு அதிரும் சத்தம், பிறகு அலகு எலும்பில் படுவதுபோல் ஒரே சீரான சின்னச் சத்தம். திறந்ததும் வெளியே ஓடி, மழையில் விறகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. காலையில் அங்கேயே கிடந்தது. பிடரியில் இறகில்லை, தோலும் இல்லை.

"மரநாய்" என்றான் பவுல்ராஜ்.

"மரநாய்னா தின்னுருக்குமேங்க."

அவன் மண்வெட்டியை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது ஜின்சி கத்தரீனாளுக்குத் தலை வாரிவிட்டாள். அது அவர்களுடைய விளையாட்டு. சீப்பு பின்கழுத்தில் நின்றது.

"அம்மா, இங்க முடி இல்லம்மா."

தொட்டுப் பார்த்தாள். வழவழப்பு. நடுவில் ஈரமாகக் கொஞ்சம் எரிந்தது.

"அட்டை கடிச்சிருக்கும்த்தா."

"அட்டை முடியப் புடுங்குமா?"

பூசையில் முழங்காலிட்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சாயங்காலம் முழுதாக நினைவுக்கு வந்தது. போன வாரம், கரண்டு போன நேரம். காற்றில் சாய்ந்த மழை தகரத்தில் விழுந்து வேறு எந்தச் சத்தத்தையும் கேட்கவிடாமல் அடிக்க, ஈரச் சாம்பலும் ஏலத்தட்டை அழுகும் வாடையும் வாசலில் கலந்து நிற்க, அடுப்படிப் படியில் ஏதோ ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கோழிதான், நனைந்துவிட்டது என்று இரண்டு கையாலும் அள்ளினாள். கனத்தது. கொக்கரிக்கவில்லை, சிறகடிக்கவில்லை. கால் கையில் தட்டுப்படவில்லை. குளிரில் விறைத்திருக்கிறதே என்று கூட்டுக்குள் குனிந்து, கதவோரத்திலிருந்து கம்பு நெடுகத் தடவிக்கொண்டே போய், சூடு உள்ள சுவரோரத்தில் வைத்தாள். செவலையைத் தள்ளிவிட்டு அவளே வைத்தாள்.

கதவோரத்தில் தடவியபோது புள்ளி இருந்தது. அடுத்து வரிசையாக எல்லாம் இருந்தன. கறுப்பி. செவலை.

எல்லாக் கோழியும் ஏற்கெனவே உள்ளே இருந்தன.

பூசை முடிந்து வந்த அன்று சாயங்காலம் அடுப்பில் நெருப்பு வைக்காமல் பின்பக்கம் போனாள். அதை எடுத்து வெளியே விட்டுவிட வேண்டும். எதுவானாலும். ஏற்றிய கைதான் இறக்க வேண்டும். மூடுபனி வேலிவரை வந்து நின்றது. பவுல்ராஜ் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ராத்திரி வேலைக்குப் போயிருந்தான். செபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கூட்டைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினாள்.

செவலை சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் கறுப்பி. பிறகு மற்றவை, தாராளமாக, இடம் விட்டு. கதவோரத்தில் புள்ளி விட்ட இடம்கூடக் காலியாக இருந்தது. செவலை அவளைப் பார்த்துக் கொர்ரென்று அதட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

போய்விட்டது.

கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜின்சிக்கு ஒரு முட்டையைப் பொரித்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கதவைத் தாழிட்டாள். கை தற்செயலாக அடுப்படிச் சுவரில் பட்டது.

சூடாக இருந்தது.

இன்று அடுப்பு எரியவில்லை.

உள்ளே ஓடினாள். அடுப்பு மூட்டியிருந்தது. மேலே சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பரணில் துணி சுற்றிக் கட்டிவைத்திருந்த ரெஜீனாளின் பழைய பானை. கத்தரீனாள் ஒருநாளும் இறக்காத பானை.

"ஜின்சி."

முன்னறைக்கு வந்தாள். இன்னும் மணி எட்டுகூட ஆகவில்லை. பாய் விரித்திருந்தது. எப்போதும் விரிக்கும் இடத்தில்தான், அடுப்புச் சூடு வரும் சுவரை ஒட்டி. அந்தச் சுவரோரத்தில்தான் ஜின்சி படுப்பாள். அடுத்து கத்தரீனாள், பவுல்ராஜ் இருந்தால் கதவோரம் அவன்.

ஜின்சி சுவரோரத்தில் இல்லை. பாயின் நடுவில், ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம். போர்வை அங்கே தரையில் படியவில்லை. மேடாக இருந்தது. மேடு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

ஈரச் சாம்பல் வாடை.

பிள்ளையின் கை போர்வைக்குள் போயிருந்தது. எதையோ கட்டிக்கொண்டிருந்தது.

கத்தரீனாள் ஓர் அடி வைத்தாள். பிறகு அவள் கழுத்து தானாகத் தாழ்ந்தது. நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. கதவிடுக்குக் காற்று பின்கழுத்துப் புண்ணில் பட்டு எரிந்தது. அப்படியே, குனிந்தபடி, பாயின் கடைசி ஓரத்தில் முழங்காலிட்டாள். பாய் அங்கே முடிந்தது. மீதி வெறும் சிமெண்டு.

"ஜின்சி, அம்மா வந்துட்டேன்த்தா. எந்திரி."

ஜின்சி திரும்பவில்லை. தூக்கம் இல்லாத, தெளிவான குரலில் சொன்னாள்.

"சித்தி, நீங்க கதவுப் பக்கம் தள்ளிக்கோங்க. அம்மாவுக்கு எடம் பத்தல."