மீன்பாடி வண்டியில் ஒரு விமானப் பயணி

ஜெயவேல் மாமா இரண்டு விமானங்களுக்கு நடுவில் வீட்டுக்கு வந்தார்.

பஹ்ரைனிலிருந்து வந்த விமானம் அதிகாலை நான்கு மணிக்கே சென்னையில் இறங்கிவிட்டது. அந்தமானுக்குப் போகும் விமானமோ பதினொரு மணிக்குத்தான். வேறு யாராவதாக இருந்தால் விமான நிலையத்திலேயே ஒரு நாற்காலியைப் பிடித்துத் தூங்கியிருப்பார்கள். ஜெயவேல் மாமாவால் அப்படி முடியுமா? அக்கா வீடு திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் இருக்க, தம்பி மீனம்பாக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்தால், அக்கா மங்கம்மா ஆயுசுக்கும் அவரோடு பேசமாட்டாள்.

ஆகவே கிருஷ்ணப்பன் என்பவருடைய டாக்சியைப் பிடித்து ஐந்தரை மணிக்கு வந்து சேர்ந்துவிட்டார். எட்டு மணிக்குத் திரும்பிக் கிளம்புவதாக ஏற்பாடு.

மாமா பெட்டியை இறக்குவதற்குள் பாதிக் குப்பம் வாசலில் கூடிவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வளைகுடாவில் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்யும் குப்பத்து ஆட்களில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், மற்றவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தனுப்புவார்கள். சோப்பு, தைலம், பேரீச்சம்பழம் என்று ஏதாவது இருக்கும். பொட்டலத்தை நீட்டிவிட்டு ஓடிவிடக் கூடாது. அது மரியாதை இல்லை. அனுப்பியவர் இளைத்திருக்கிறாரா, இருமல் நின்றதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று வீட்டார் கேட்கும் அத்தனை கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

மாமாவிடம் பதினோரு பொட்டலங்கள் இருந்தன.

வந்தவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. ஒருவர் இட்லி கொண்டுவந்தார், ஒருவர் வஞ்சிரம் வறுத்துக் கொண்டுவந்தார், இன்னொருவர் ஆப்பத்தோடு இறால் குழம்பும் கொண்டுவந்தார். ஏழு மணிக்குள் மாமா நான்கு முறை காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் பாவம் அவருக்கு இல்லை.

மங்கம்மாவின் மகள் மோகனப்ரியா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு விடுமுறை என்பதால் அன்று வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மாமா சிரித்துச் சிரித்துப் பேசினாலும், நிமிடத்துக்கு ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

ஏன் பார்க்கமாட்டார்? அந்தமானில் குணசுந்தரி மாமியும் குழந்தை பாரியும் காத்திருக்கிறார்கள். பாரி பிறப்பதற்கு முன்பே மாமா பஹ்ரைனுக்குப் போய்விட்டார். பெற்ற பிள்ளையை இதுவரை தூக்கியதே இல்லை. மறுநாள் பாரிக்கு முதல் பிறந்தநாள். இந்த விமானத்தை விட்டால் அடுத்த எட்டு நாளைக்கு இடம் கிடையாது, விடுமுறைக் கூட்டம். கப்பலில் போகலாம் என்றால், அது நினைத்த நாளில் கிளம்பாது. கிளம்பினாலும் கடலில் மூன்று நாள் பிடிக்கும். மாமாவுக்குக் கிடைத்த லீவே இருபது நாள்தான்.

“மோகனா, முனைக் கடைக்குப் போய் மாமாவுக்கு ஒரு கலர் வாங்கினு வா,” என்றாள் மங்கம்மா. நான்கு பலகாரம் போதாதென்று கலர் சோடா வேறு.

மோகனப்ரியா பெரிய சாலைக்கு வந்தாள். வந்தவள் கடைக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், வால் எங்கே தலை எங்கே என்று தெரியாமல் நின்றன. நகரத்துக்குப் போகும் பக்கம் முழுவதும் லாரிதான். அதிகாலையில் டாக்சி வந்தது எதிர்ப் பக்கத்தில். அது இப்போதும் காலியாகத்தான் கிடந்தது. அதனால்தான் கிருஷ்ணப்பனுக்கு எதுவும் தெரியவில்லை.

லாரி நிற்பது அந்தச் சாலைக்குப் புதிதல்ல. மோகனப்ரியா தினமும் அதை ஒட்டித்தான் பள்ளிக்கு நடப்பாள். நடந்து நடந்து அவளாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள். கிளீனர் கதவில் தொங்கிக்கொண்டிருந்தால் லாரி இதோ கிளம்பப் போகிறது. கிளீனர் வெங்காயம் உரித்தால் ஒரு மணி நேரம் ஆகும். துணி துவைத்தால் மதியத்துக்கு முன் அசையாது. இந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்று இரண்டு லாரிகளுக்கு நடுவே கொடி கட்டி ஏழு லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் சந்து வழியாக உள் சாலைக்கும் ஓடிப் பார்த்தாள். அங்கும் அதே கதி. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். கலரை மறந்து வீட்டுக்கு ஓடினாள்.

“மா, ரோடு பூரா லாரி. டாக்சி போவாது,” என்றாள்.

மங்கம்மா காதில் வாங்கவில்லை. கலர் எங்கே என்று கேட்டாள். வாசலில் உட்கார்ந்து ஐந்தாவது ஆப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணப்பன்தான் பதில் சொன்னார். “எட்டு மணிக்கு எட்த்தா ஒம்பதரைக்கு அங்க கீறோம். இருபது வர்சமா ஓட்றேன் பாப்பா.”

அவர் டாக்சியின் பெருமையை அவர் பேசுகிறார். பேசட்டும். மோகனப்ரியா அவரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நேராக மாமாவிடம் போய் அவர் கையைப் பிடித்தாள்.

“மாமா, நான் சொல்றத நம்ப வேணாம். நீயே வந்து ஒரு தபா பாத்துடு.”

மாமா எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர், எழுந்திருக்க ஒரு சாக்குக் கிடைத்தால் விடுவாரா? கிருஷ்ணப்பனும் ஆப்பத்தோடு பின்னாலேயே வந்தார்.

சாலையைப் பார்த்ததும் கிருஷ்ணப்பன் ஆப்பத்தை மெல்வதை நிறுத்திவிட்டார். மாமா ஒரு கிளீனரிடம் எப்போது வண்டி நகரும் என்று விசாரித்தார். அந்த ஆள் ஈர லுங்கியை உதறிக்கொண்டே, “காஞ்சதும் நகரும் நைனா,” என்றார்.

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. “புள்ளயப் பாக்க முடியாது போலக்கீதே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அழுதுவிடுவாரோ என்று மோகனப்ரியாவுக்குப் பயமாகிவிட்டது.

“ரயில் கீது மாமா,” என்றாள் அவள். “ஏழு அம்பத்தஞ்சுக்கு ஒரு பீச் வண்டி. பீச்சுல மாறினா திரிசூலம். எறங்கினா எதுத்தாப்புல ஏர்போர்ட்டு. அம்மா மீன் விக்கக் கூடை எடுத்துகினு போற வண்டிதான்.”

மணி ஏழு இருபத்தைந்து. ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டருக்கு மேல். பெட்டியோ மலை மாதிரி கனம்.

“பெட்டிய எப்டி இஸ்துகினு போறது?” என்றார் மாமா.

மோகனப்ரியா அதையும் யோசித்து வைத்திருந்தாள். மங்கம்மாவுக்கு மீன் கூடை ஏற்றிவரும் துரையின் மீன்பாடி வண்டி சந்திலேயே நின்றது. முன்னால் பலகையும் பின்னால் மிதிகட்டையும் உள்ள மூன்று சக்கர வண்டி. கார் நுழைய முடியாத இடத்திலெல்லாம் அது நுழைந்துவிடும்.

மூவரும் வீட்டுக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார்கள். மங்கம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தம்பியை மீன்பாடி வண்டியில் அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று புலம்பினாள்.

“பிளேன் போய்ட்டா இன்னா சொல்வாங்களாம்?” என்றாள் மகள்.

மங்கம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினாள்.

பத்து பொட்டலங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. பதினோராவது பொட்டலத்துக்குரிய முத்தம்மா அத்தை, வண்டி புறப்படும்போதுதான் ஒரு பை கருவாட்டோடு மூச்சிரைக்க வந்தாள். அவள் மகன் பஹ்ரைன் போய் ஏழு மாதம் ஆகிறது. கடிதம் எழுதுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. மாமா பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். அத்தை அதை வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நின்றாள். அவள் கண் மட்டும் கலங்கியிருந்தது.

மோகனப்ரியாவுக்கு அது பொறுக்கவில்லை. “அத்த, நீயும் ஏறு. போவ சொல்லோ கேட்டுக்கோ,” என்றாள்.

ஆக, அன்று காலை திருவொற்றியூர் ஒரு காட்சியைக் கண்டது. துரை மிதிக்க, டாக்சியை ஓரமாக விட்டுவிட்டு வந்த கிருஷ்ணப்பன் பின்னாலிருந்து தள்ள, மீன்பாடி வண்டி லாரிகளின் சந்துபொந்தெல்லாம் புகுந்து போனது. பலகையின் மேல் பெட்டி. பெட்டியின் மேல் புதுச் சட்டையும் வெள்ளை ஷூவுமாக மாமா. அவர் காலடியில் முத்தம்மா அத்தை. அவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, தலைக்கு எண்ணெய் வைக்கிறானா என்று அவள் கேட்கக் கேட்க மாமா சொல்லிக்கொண்டே போனார். மோகனப்ரியா முன்னால் ஓடி வழிவிடச் சொன்னாள், மங்கம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். லாரிக் கிளீனர்கள் கொடியிலிருந்த லுங்கியைத் தூக்கிப்பிடித்து வண்டிக்கு வழிவிட்டார்கள்.

ஸ்டேஷன் வந்தபோது முத்தம்மா அத்தைக்குக் கேட்க ஒன்றும் பாக்கியில்லை. மகன் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவள் முகம் அப்படித் தெளிந்துவிட்டது. ரயில் நுழையும்போது கருவாட்டுப் பையை மாமாவின் மடியில் திணித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மங்கம்மாவும் மகளும் மாமாவோடு ஏறினார்கள். ஏறியது கூடைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய வெண்டார் பெட்டியில். அங்கே மங்கம்மாவின் தோழிகள் பத்துப் பேர் மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் கேட்டதுதான் தாமதம், பீச் ஸ்டேஷனில் பெட்டியை மாமாவின் கையில் அவர்கள் கொடுக்கவே இல்லை. கூடை தூக்கிப் பழகிய கைகள் அல்லவா? ஆளுக்குப் பத்துப் படி என்று மாற்றி மாற்றித் தூக்கி, பாலத்தைத் தாண்டி, தாம்பரம் வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போனார்கள். “புள்ளய எங்களுக்கும் சேத்துக் கொஞ்சு நைனா,” என்று ஒருத்தி ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

ஒன்பதரைக்குத் திரிசூலம் வந்துவிட்டது. பதினைந்து நிமிடத்தில் மூவரும் விமான நிலைய வாசலில் நின்றார்கள். பத்தேகால் வரைக்கும் பெட்டியை வாங்குவார்கள் என்று காவலர் சொன்னதும், மாமா அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி சிரித்தார். பிறகு மோகனப்ரியாவின் தலையைக் கலைத்துவிட்டு, மீன் வாசனையோடு உள்ளே போனார்.

அம்மாவும் மகளும் உடனே வீடு திரும்பவில்லை. திரிசூலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். பதினொன்று அடித்துச் சில நிமிடங்களில் ஒரு விமானம் தலைக்கு மேல் எழும்பியது. அது அந்தமான் விமானமா, வேறு ஏதாவதா என்று யாருக்குத் தெரியும்? மங்கம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் டாட்டா காட்டினாள். அது போனபின், “அப்பாடா,” என்று உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் ஒன்று நினைவு வந்தது. ஊரெல்லாம் சேர்ந்து மாமாவுக்கு ஊட்டியதில், அவளும் மகளும் காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே சூடான போண்டா வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மாலை, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு மாமாவின் போன் வந்தது. மோகனப்ரியாதான் முதலில் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். எடுத்தவுடன் காதைப் பிளக்கும் ஒரு குழந்தையின் அழுகைதான் கேட்டது.

“பாரியா அழுவுறான்? ஏன் மாமா?”

“நேத்துலேர்ந்து என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுதுகினே கீறான்,” என்றார் மாமா. அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. “ஆனா தோள்லேர்ந்து எறக்கி வுட்டா, அதவிட ஜாஸ்தியா அழுவுறான்.”